இரண்டு பயணங்களுக்கு நடுவே: திருச்சி முதல் தலைமன்னார் வரை

உல்லாசக் கப்பல்களில் அடிக்கடி போய்வருபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணங்களுக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவார்கள். முதல் பயணம் முடிந்து கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும். மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு இறங்கிப் போவார்கள். இவர்கள் மட்டும் அதே கப்பலில் அடுத்த பயணத்தைத் தொடர்வார்கள்.

இடைப்பட்ட அந்த ஒரு நாளில் என்ன நடக்கும்? முதல் பயணத்தின் கணக்கு முடிக்கப்படும். புது அட்டை கொடுக்கப்படும். அமெரிக்கத் துறைமுகங்களில் இவர்களும் சிறிது நேரம் கப்பலை விட்டு இறங்கியாக வேண்டும். கப்பலில் ஒரு பயணிகூட இல்லை என்று கணக்கு சரியான பிறகுதான் மீண்டும் ஏற்றுவார்கள். அறை மாறாவிட்டால் சாமான்கள் அறையிலேயே இருக்கும். ஆபத்துக் காலப் பயிற்சியில் மட்டும் மறுபடி ஒருமுறை கலந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். மிஞ்சிய நேரத்தில் ஊர் சுற்றலாம், அல்லது காலியாக இருக்கும் நீச்சல் குளத்தில் நிம்மதியாகக் குளிக்கலாம்!

2022இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கார்டிலியா நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023இல் அது இலங்கைக்கும் போய்வந்தது. இதைப் புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஒரு பயணம் முடிந்து அடுத்த பயணம் தொடங்கும்வரை நடுவில் காத்திருப்பது திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. நூறு வருடங்களுக்கு முன் அவர்கள் அடுத்தடுத்து மூன்று, நான்கு பயணங்கள் செய்தார்கள். அந்தக் காத்திருப்பில் நீச்சல் குளம் இல்லை. தடுப்பூசியும், கழுத்தில் ஒரு தகர வில்லையும்தான் இருந்தன.

நடந்தே போன காலம்

இலங்கை மலைநாட்டில் 1830களில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். இராமநாதபுரம் கடற்கரை வரை நடை. அங்கிருந்து தோணியில் மன்னார். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை மீண்டும் பல நாள் நடை. காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

காப்பி அறுவடை பருவ வேலை என்பதால் பலர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். அடுத்த பருவத்துக்கு மறுபடி போனார்கள். பிறகு நோய் தாக்கிக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். எனவே குடும்பத்தோடு போய் அங்கேயே தங்குவது வழக்கமாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் பரவியபோது இந்த மன்னார் பாதை மூடப்பட்டது. அதன்பின் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போவதே வழி. தூத்துக்குடிக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு திருச்சி வழியாக ஓடிய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர்தான் போட் மெயில்.

திருச்சிக்கு வந்த அலுவலகம்

1904இல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஒன்று சேர்ந்து, ஆள் சேர்ப்பதற்கென்றே 'சிலோன் லேபர் கமிஷன்' என்ற அமைப்பை நிறுவினார்கள். அதன் தலைமையிடம் கொழும்பில் இல்லை, சென்னையிலும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் இருந்தது!

ஏன் திருச்சி? காரணம் வணிகம் படிப்பவர்களுக்கு எளிதில் புரியும். சரக்கு கிடைக்கும் இடத்துக்கு அருகில், போக்குவரத்து கூடும் இடத்தில் கிடங்கு வைப்பதுதான் லாபம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை எல்லாம் சுற்றிலும் இருந்தன. இலங்கைக்கு அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. முசிறி, துறையூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் கொள்ளிடத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கத் தீவைக் கடந்து, காவிரியையும் தாண்டித்தான் திருச்சிக்குள் நுழைய முடியும். இன்று ஸ்ரீரங்கத்தில் உயர்ந்து நிற்கும் 236 அடி ராஜகோபுரம் அன்று இல்லை. அது கட்டி முடிக்கப்பட்டது 1987இல்தான். அவர்கள் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனது பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரத்தை!

ஒரே வித்தியாசம், இந்த வணிகத்தில் சரக்கு என்பது மனிதர்கள்.

தகர டிக்கெட்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு சிறிய தகர வில்லை கொடுப்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் காட்டும் எழுத்தும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த வில்லையைக் காட்டினால் போதும். வழியில் சோறு கிடைக்கும், ரயிலில் இடம் கிடைக்கும், கப்பலிலும் ஏற்றுவார்கள்.

கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வழியில் ஆன செலவெல்லாம் அந்த எண்ணின் பேரில் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அந்தச் செலவு கங்காணி வழியாகத் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. ஆக, வேலையில் சேரும் முதல் நாளே அவர் கடன்காரர். நடுவழியில் எத்தனை நாள் காத்திருந்தாரோ அத்தனை நாள் சோற்றுக்கும் சேர்த்துக் கடன்!

தோட்டம் மாற விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கொடுத்தால் இவரை அனுப்பத் தயார் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால் ஆளை அழைத்துக்கொள்ளலாம். கணக்குப் புத்தகத்தில் ஒரு கடன் பாக்கி கைமாறுவதைப் போல மனிதர்கள் கைமாறினார்கள். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1923இல் வந்த சட்டத்தின்படி ஆள் சேர்க்கும் செலவைத் தோட்ட முதலாளிகளே ஒரு பொது நிதியிலிருந்து ஏற்க வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை இந்தக் கணக்கில் வாழ்ந்து முடித்திருந்தது.

மண்டபத்தில் ஆறு நாள்

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. போட் மெயில் தூத்துக்குடியை விட்டுத் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. ரயில் கப்பல் துறை வரைக்கும் போகும். இறங்கிக் கப்பல் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று ஆங்கிலேய வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய கப்பல்கள் ஓடின. பின்னர் இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் வந்தன.

கப்பல் நிறுவனத்தின் கணக்கு எப்போதும் ஒன்றுதான். கப்பல் ஓடினால் வரவு, கரையில் நின்றால் செலவு. எனவே அந்தக் கப்பல்கள் ஓய்வில்லாமல் போய்ப் போய்த் திரும்பின. முதல் வகுப்புப் பயணிகளுக்கும் காத்திருப்பு என்பதே கிடையாது. சென்னையில் மாலையில் ஏறினால் ஒரு பகல் கழித்து மறுநாள் காலை கொழும்பில் இருக்கலாம்.

தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் அப்படி இல்லை. அவர் முதலில் மண்டபத்தில் இறங்கியாக வேண்டும். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அங்கே இருந்தது. அம்மை குத்துவார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். துணிகளை வாங்கி நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்கள். யாருக்காவது காய்ச்சல் வருகிறதா என்று ஐந்தாறு நாள் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் தனுஷ்கோடி ரயில்.

நோய் பரவாமல் தடுக்க வேண்டியது அவசியம்தான், அதில் சந்தேகமில்லை. காட்டு வழியில் செத்து விழுந்த காலத்தோடு ஒப்பிட்டால் இந்த முகாம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலரா கிருமிக்கு டிக்கெட் வகுப்பு தெரியாது. முகாமுக்கு மட்டும் தெரிந்திருந்தது!

அந்த முகாமின் பெயர் இன்றும் ஊர்ப்பெயராக நிற்கிறது. 'மண்டபம் கேம்ப்' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் அங்கே வந்தபோது அதன் முகவரியும் மண்டபம் கேம்ப் என்றே அமைந்தது.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. போகும் வழி அடைபட்டது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

திரும்பி வந்த பயணம்

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948லேயே புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிரிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசலாம் என்று தள்ளிவைத்தார்கள். 1974இல் இரண்டு நாடுகளும் அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மறுபடியும் கணக்குப் புத்தகம்தான்!

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடித் துறைமுகம் மட்டும் திரும்ப எழவே இல்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது.

பின்னர் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய 'ராமானுஜம்' கப்பலில் தாயகம் திரும்பியவர்கள் வந்து இறங்கினார்கள். தாயகம் என்ற சொல்லே அவர்களில் பலருக்குப் பொருந்தாது. அவர்கள் பிறந்தது அட்டனிலும் கண்டியிலும் பதுளையிலும். முசிறியும் துறையூரும் தாத்தா சொன்ன கதையில் வரும் பெயர்கள். கப்பலை விட்டு இறங்கியதும் எங்கே போனார்கள்? அதே மண்டபம் முகாமுக்கு! தாத்தா போகும்போது ஆறு நாள் இருந்த இடத்தில், பேரன் திரும்பும்போது அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கன்னியாகுமரி ரப்பர் தோட்டங்களுக்கும், நூற்பாலைகளுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். மண்டபத்தைப் போலவே திருச்சி கொட்டப்பட்டிலும் ஒரு இடைத்தங்கல் முகாம் இருந்தது.

1983 கலவரத்துக்குப் பின் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோனது. அகதிகள் படகுகளில் வந்தார்கள். அவர்களையும் முதலில் கொண்டுபோனது மண்டபத்துக்குத்தான். கொட்டப்பட்டு அகதிகள் முகாமாயிற்று. வந்தவர்களில் மலையகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதாவது, எந்தத் திருச்சியில் தாத்தாவின் பெயரைப் பதிவு செய்து அனுப்பினார்களோ, அதே திருச்சியில் பேரன் அகதி!

2019இல் இவர்களில் 65 பேர், திருச்சி மாவட்ட முகாமில் வாழ்ந்தவர்கள் உட்பட, தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. குடியுரிமை கேட்டு அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அப்போது அவர்கள் முகாம் வாழ்க்கையில் ஏறத்தாழ 35 வருடங்களைக் கழித்திருந்தார்கள்.

கணக்கு முடியாத பயணம்

தலைமன்னாருக்கு மறுபடி ரயில் 2015இல் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விடப்பட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இராமேஸ்வரம் போகும் ரயில் ஒன்றை மக்கள் இன்னமும் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள். அது போய்ச் சேரும் இடத்தில் போட் இல்லாமல் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

உல்லாசக் கப்பலில் அடுத்தடுத்துப் பயணம் செய்பவர் நடுவில் இறங்கும்போது அவர் கையில் ஒரு அட்டை இருக்கும். இவர் திரும்ப வருவார், இவருக்கு இடம் உண்டு என்று அது சொல்லும். தகர டிக்கெட்டும் ஒரு அட்டைதான். இவர் யாருடைய கணக்கில் போகிறார் என்பதை அது சொன்னது. திரும்ப வந்தால் இவருக்கு எங்கே இடம் என்பதை அதில் யாரும் எழுதவில்லை. நூறு வருடம் கழித்தும் கொட்டப்பட்டில் சிலர் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான்.