கூரத்தில் எழுதிவைத்த பங்கு

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய், இன்னும் கொஞ்சம் வடமேற்கே நகர்ந்தால் கூரம். அங்கே கிடைத்த பல்லவர் செப்பேட்டில், கதை சொல்பவருக்கு ஊர் கொடுக்க வேண்டிய கூலி எழுதப்பட்டிருக்கிறது. மாமல்லனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன், 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கினான். 20 பங்கு நான்மறை கற்ற அந்தணர்களுக்கு. 3 பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும். ஒரு பங்கு மண்டபத்தில் தண்ணீருக்கும் நெருப்புக்கும். மீதமிருந்த ஒரு பங்கு, அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு. தண்ணீருக்கும் நெருப்புக்கும் எவ்வளவோ அவ்வளவே கதைக்கும் என்று வைத்த அந்தக் கணக்கை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

அந்த ஒரு பங்கு, கை மாறி உருவம் மாறி, இந்த மண்ணில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். வெண்பாவுக்கு இடையிடையே உரைநடையும் வரும் நூல் அது. பாட்டைப் பாடி நிறுத்திவிட்டுப் பேச்சில் கதையை நகர்த்தும் முறை அப்போதே ஏட்டில் ஏறிவிட்டது. பிறகு திருமுனைப்பாடி நாட்டு வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில், 4,300-க்கு மேற்பட்ட பாடல்களில் பத்துப் பருவம் பாடினார். 18-ஆம் நூற்றாண்டில் தொண்டை நாட்டு நல்லாப்பிள்ளை, வில்லியின் பாடல்களையும் சேர்த்துக்கொண்டு, அவர் விட்ட இடங்களை நிரப்பி, 18 பருவத்தையும் முடித்தார். ஏறத்தாழ 14,000 பாடல். அரசனும் குறுநிலத் தலைவனும் காத்த நூல், இதற்குள் ஊர்ச் சொத்தாகிவிட்டிருந்தது. திரௌபதி அம்மன் கோயில் வாசலில், பந்தலுக்குக் கீழே, பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் அது விரிந்தது. கொடுப்பவரும் மாறினார்கள். தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு வீடு வசூலித்து, ஊரே பிரசங்கியாருக்குச் சம்பளம் பேசியது.

பிரசங்கியார் ஒற்றை ஆள். கூட ஆர்மோனியமும் தாளமும், பின்பாட்டுக்கு ஒருவரும் இருக்கலாம். ஆனால் பீஷ்மரும் சகுனியும் குந்தியும் அவர் ஒருவர் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும். ஒரு விருத்தத்தை ராகத்தோடு பாடுவார். சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்வார். அங்கிருந்து கிளைக்கதைக்குத் தாவி, உள்ளூர் வழக்கு ஒன்றைத் தொட்டு, சிரிக்கவைத்து, சரியான இடத்தில் மறுபடி பாட்டுக்கு வந்து சேர்வார். சூதுபோர்ச் சருக்கம் வரும் நாளில் பந்தல் நிறைந்துவிடும். தருமர் தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைத்தாரா, அதற்கு முன்பா என்று பாஞ்சாலி சபையைக் கேட்கும் இடத்தில் நல்ல பிரசங்கியார் நிறுத்துவார். பதிலை அவர் சொல்லமாட்டார். முன்வரிசைக் கிழவிகள் சொல்வார்கள், துரியோதனனைத் திட்டிக்கொண்டே. கேட்பவர்களைச் சபையாக்கிவிடுகிற இந்த வித்தைக்கு ஈடான நடிப்பை நான் வேறெந்த மேடையிலும் கண்டதில்லை. விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை. வானம் பொய்த்த ஆண்டுகளில் அதற்காகவே பாரதம் வைத்த ஊர்கள் உண்டு.

பகலில் பிரசங்கியார் சொன்ன கதை, இரவில் கூத்தாகும். சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவு அச்சில் போட்ட கூத்துப் புத்தகங்கள் வாத்தியார்களின் பெட்டிக்குள் ஏட்டுச்சுவடிகளோடு கலந்தன. அச்சு வந்ததால் சொல்பவர் ஒழிந்துபோகவில்லை. அவருக்குப் பாடம் கூடியது. குழாய் ஒலிபெருக்கி வந்தபோது, பந்தலுக்கு வர முடியாதவர்களுக்கும் வீட்டுத் திண்ணையிலேயே கதை கேட்டது.

இந்தக் கூத்திலும் தனி ஒருவனுக்கென்று ஓர் இரவு இருக்கிறது: அர்ச்சுனன் தபசு. நெட்டுக்குத்தாக நட்ட உயரமான மரத்தில் படிகள் அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடதாரி ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி மேலேறுவார். கீழே, பிள்ளை வரம் வேண்டி ஈரப்புடவையோடு பெண்கள் காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழமும் பூவும் முந்தானையில் விழ வேண்டும். மாமல்லபுரத்துப் பெரும்பாறையைப் பகீரதன் தவம் என்று அறிஞர்களில் ஒரு சாரார் சொல்லட்டும். தபசு மரத்தைப் பார்த்து வளர்ந்த இந்தப் பக்கத்து மக்களுக்கு, ஒற்றைக்காலில் கைதூக்கி நிற்பவன் அர்ச்சுனன்தான்.

கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டத் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி.

கூடுவாஞ்சேரியைச் சுற்றி வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஒரகடத்திலும் மகேந்திரா சிட்டியிலும் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளால் விடிய விடிய உட்கார முடிவதில்லை. ஆனாலும் சொந்த ஊரில் பாரதம் வைத்தால், வரியைக் கைபேசியிலேயே அனுப்பிவிட்டு, தபசுக்கும் படுகளத்துக்கும் லீவு போட்டு வந்து நிற்கிறார்கள். பிரசங்கங்கள் இப்போது யூடியூபிலும் கிடைக்கின்றன; கிழவிகள் திட்டுவது அதிலும் பதிவாகியிருக்கிறது.

சித்திரையிலிருந்து ஆடி வரை, செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே எங்காவது சாலையோரம் மகாபாரதப் பெருவிழா என்று பேனர் தெரிந்தால் வண்டியைத் திருப்புங்கள். பிற்பகலில் போனால் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும். யாரும் வெளியூர்க்காரர் என்று ஒதுக்கமாட்டார்கள். பாயில் நகர்ந்து இடம் விடுவார்கள். தட்டு வரும்போது உங்கள் பங்கைப் போடுங்கள்.