நிகழ்வு

‘நிகழ்’ என்னும் வினையடியில் பிறந்த பெயர்ச்சொல். நிகழ்ச்சி, நிகழ்காலம் இதன் உறவுகள். ஆங்கில ‘ஈவென்ட்’டின் வேர், வெளியே வருதலைக் குறிக்கும் லத்தீன் வினை.

வலைநிரலாக்கத்தில் சொடுக்குவதையும் விசை அழுத்துவதையும் உலாவியே நிகழ்வாக அறிவித்துவிடும். ‘கூடையில் பொருள் சேர்ந்தது’ என்பது அதற்குத் தெரியாது. அதை நிரலர் ‘கஸ்டம்ஈவென்ட்’டாகப் படைத்து, ‘டீடெய்ல்’ பண்பில் விவரம் வைத்து, ‘டிஸ்பேட்ச்ஈவென்ட்’ வழியே விடுகிறார். ‘தனிப்பயன் நிகழ்வு’ என்பது வழக்கு. ‘சொந்த நிகழ்வு’ என்றாலே போதும் என்பேன்.

தண்டோராக்காரரைப் போல, கேட்பவர் யாரென்று அனுப்பும் பகுதி அறிய வேண்டியதில்லை. ஆனால் தண்டோராக்காரர் அறிவித்துவிட்டு நடையைக் கட்டுவார். டிஸ்பேட்ச்ஈவென்டோ, கேட்கும் செயற்கூறுகள் எல்லாம் ஓடி முடித்த பிறகே அடுத்த வரிக்கு நகரும். ‘பபிள்ஸ்’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்காவிட்டால், சொந்த நிகழ்வு மேலுள்ள உறுப்புகளுக்குக் குமிழியாக எழும்பாது.