வேதபாட வேளையில் வேற்றுச் சமயப் பிள்ளைகள்

எழுமலையை அடுத்த சிற்றூர் ஒன்றின் கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியில் நாம் பயின்ற காலத்துக் கால அட்டவணை இன்னும் கண்ணில் நிற்கிறது. கெட்டி அட்டையில் ஆசிரியையின் முத்து முத்தான கையெழுத்து. முதல் பாடவேளைக்குரிய கட்டத்துள் மட்டும் இரண்டு பாடங்களின் பெயர் இருக்கும்: மறைக்கல்வி / நீதிபோதனை. மற்ற எந்தக் கட்டத்திலும் இல்லாத சாய்கோடு அந்த ஒன்றில் மட்டும் விழுந்திருந்தது. மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் உள்ளே இருப்பர்; ஏனையோர் வேப்பமரத்தடிக்குப் போவோம். உள்ளே இருந்தவர்களுக்குப் புத்தகம் உண்டு, ஆண்டிறுதியில் தேர்வு உண்டு, பரிசும் உண்டு. மரத்தடியில் இருந்த எங்களுக்குப் புத்தகம் இல்லை. பல நாள் ஆசிரியரும் இல்லை. சன்னல் வழியே வந்த வினாக்களுக்கு, எவரும் கேட்காமலேயே, நாங்களும் வெளியிலிருந்து விடை சொல்லிக்கொண்டிருந்தோம். அவற்றுள் சில இன்றும் மனப்பாடம்.

அந்தச் சாய்கோட்டை இட்டவர் யார் என்னும் ஐயம் பின்னாளில், தமிழ் படித்து அச்சு வரலாற்றையும் உரைநடை வரலாற்றையும் புரட்டிய போதெல்லாம் நம்மைத் தொடர்ந்தது. தேடியதில் நமக்குப் புலப்பட்டது இது: கிறிஸ்தவப் பள்ளிகளின் வேதபாட வகுப்பு அதை ஏற்படுத்தியவர்களின் விருப்பப்படி மட்டும் உருவானதன்று. அந்த மறையை ஏற்காமலே அவ்வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள், அதிலிருந்து எழுந்து போனவர்கள், ஏன், சம்பளத்துக்கு அதை நடத்திய வேற்றுச் சமய வாத்தியார்கள் ஆகியோரின் கையும் அதில் பட்டிருக்கிறது.

*

இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வெளியான 'தம்பிரான் வணக்கம்' என்பது இலக்கிய மாணவர் அனைவரும் அறிந்ததே. பதினாறு பக்கம் கொண்ட அச்சிறு நூல் ஒரு வேதபாடப் புத்தகம் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அடுத்த ஆண்டே கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவும் விடையுமாக அமைந்தது. இரண்டையும் தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் என்றிக் என்றிக்கஸ் பாதிரியார். கேள்வி கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் ஒருவர் எனப் பாடத்தைப் பிரிக்கும் முறை தமிழில் அச்சுவடிவம் பெற்றது இப்படித்தான். (நன்னூல் உரைகளிலும் வினா விடை உண்டே என்பர் சிலர். அங்கு வினாவை எழுப்புபவர் பொருளை ஐயுறும் மாணாக்கர். இங்கோ கேட்பவருக்கு விடை முன்பே தெரியும்.)

அச்சுக்கும் முன்னால் வாய்மொழி இருந்தது. 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், செபங்களைப் பிறர் உதவியோடு தமிழாக்கித் தாமே நெட்டுருச் செய்து, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பெற்றோருக்குச் சொல்லித்தரும் பொறுப்பையும் அச்சிறுவரிடமே விட்டார். அங்கே சாய்கோட்டுக்கு இடமில்லை. கடற்கரை ஊர்களில் பரதவர் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டபடியால் வெளியே நிற்க ஆளில்லை.

மதுரையின் கதை வேறு. 1590களில் இங்கு வந்த கொன்சாலோ பெர்னாண்டஸ், நகரிலிருந்த பரதவரின் ஆன்மிகத் தேவைகளைக் கவனித்துக்கொண்டு, ஒரு மருந்தகமும் தொடக்கநிலைப் பள்ளியும் நடத்தினார். மதுரை மண்ணின் முதல் கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளி என்று அதையே சொல்ல வேண்டும். அதில் எழுத்தும் எண்ணும் கற்பித்தவர் ஒரு சைவ வாத்தியார். 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, அவருக்கு முதலில் வாய்த்த எதிர்வாதி இந்த வாத்தியார்தான். ஏறத்தாழ இருபது நாள், நாளொன்றுக்குச் சில மணி நேரம், படைப்பு, மறுபிறப்பு ஆகியவை பற்றி இருவரும் வாதிட்டனர். இறுதியில் வாத்தியார் ஆல்பர்ட் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். மதமாற்ற வரலாறாக இதனைப் படிப்பவர்கள் அந்த முடிவோடு நின்றுவிடுகின்றனர். நம்மைக் கவர்வது அந்த இருபது நாள். விடை முன்கூட்டியே எழுதப்படாத வினாக்கள் ஒரு தொடக்கப்பள்ளி வாத்தியாரால் கேட்கப்பட்டன. நொபிலி பின்னர் ஞானோபதேச நூல்களில் கையாண்ட தருக்க நடை இத்தகைய உரையாடல்களில் கூர்மை பெற்றது என்று கருதுவதில் பிழையிராது.

*

இயேசு சபை 1773இல் தடை செய்யப்பட்டு, மீண்டும் உயிர்பெற்று, 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பியது. அதற்கு நான்கு ஆண்டு முன்னரே, யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றி வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்துவிட்டனர். திண்டுக்கல், திருமங்கலம், பெரியகுளம் என அவர்களின் நிலையங்கள் விரிந்தன. எழுமலை போன்ற மேற்கத்திய ஊர்களுக்கு அருகில் அமைந்தவை பின்னிரண்டும் ஆகும்.

அவர்கள் தொடக்கத்தில் நடத்திய இலவசப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்து வாத்தியார்களே அமர்த்தப்பட்டனர். வேறு வழியில்லை, எழுதப் படிக்கக் கற்பிக்கத் தெரிந்த கிறிஸ்தவர் போதிய அளவில் இருக்கவில்லை. எண்ணிப் பாருங்கள்: நெற்றியில் நீறணிந்த திண்ணை வாத்தியார் சுவிசேஷ வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிறார், நீறணிந்த பிள்ளைகள் ஒப்பிக்கின்றனர், குறித்த நாளில் மிஷனரி வந்து கேட்டுவிட்டுச் செல்கிறார். மிஷன் வட்டாரத்திலேயே இதைக் குறை கூறியோர் பலர். நம்பாதவன் வாயால் போதிக்கப்படும் வேதத்தால் என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே. ஆயினும், ஒரு சமயத்தை நம்பாமலே அதைப் பாடமாகக் கற்பிக்கலாம் என்ற நிலை இந்த வட்டாரத்தில் அன்றே நடைமுறையில் இருந்திருக்கிறது. கல்லூரியில் தேவாரத்தைக் கிறிஸ்தவ மாணவிக்கும் தேம்பாவணியை வைணவ மாணவனுக்கும் நடத்திப் பிழைக்கும் நமக்கு, அந்தப் பெயர் தெரியாத வாத்தியார்களிடம் ஓர் உறவு தோன்றுகிறது.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் இவ்வரிசையில் வருபவர்தாம். நெல்லைச் சீமையின் சாயர்புரம் கிறிஸ்தவப் பள்ளியில் அவர் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது வைணவர். 1858இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகத்தின் ஆசிரியர் கிறிஸ்தவப் பள்ளிக்கு வேற்றுச் சமய வாத்தியாராக நுழைந்தவர் என்பதை நாம் பாடம் நடத்தும்போது சொல்லத் தவறுவதில்லை.

1855இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் மதுரைக்கு வந்து சென்றபின் காற்று திசைமாறியது. ஆங்கிலப் பள்ளிகளைக் குறைத்து, சிற்றூர்ச் சபைகளையும் தாய்மொழிப் பள்ளிகளையும் வலுப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. வாத்தியாரும் உபதேசியாரும் ஒருவரே என்னும் ஏற்பாடு சிற்றூர்களில் நிலைபெற்றது. வேதபாடத்தைப் பொறுத்துக்கொண்ட குடியானவர்கள், தம் பிள்ளைக்குப் பக்கத்தில் சேரிப் பிள்ளை உட்கார்வதைப் பொறுக்காமல் பள்ளியை விட்டு நின்ற கதைகள் மிஷன் வரலாறெங்கும் உண்டு. எந்தக் கடவுள் என்பதைக் காட்டிலும் எந்தப் பலகை என்பது பெரிதாக இருந்த காலம். முற்றிலும் இறந்தகாலம் என்று எழுத நமக்குத் துணிவில்லை.

*

திண்ணைப் பள்ளியில் சமயம் இல்லாமலில்லை. கடவுள் வாழ்த்தின்றிச் சுவடி தொடங்கியதில்லை. ஆத்திசூடிக்கும் முன்னே காப்புச் செய்யுள் நிற்கும். ஆனால் அங்கே சமயத்துக்கென்று தனிப் பாடவேளை கிடையாது. காற்றுப்போல் எங்கும் இருந்ததை, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடிக்கும் ஒரு பாடமாக்கியது மிஷன் பள்ளி. அவ்வாறு தனியே எடுத்துவைக்கப்பட்ட பின்னரே 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் சொல்ல முடிந்தது. மிஷனரிகள் எதிர்பாராத விளைவு இது.

அவ்வாறு சொன்னவர்களுள் தலையாயவர் ஆறுமுக நாவலர். பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்தப் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றவர் நாவலர். வேதபாட வகுப்பின் உள்ளும் புறமும் அறிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது அவர் அவ்வகுப்பை ஒழிக்கவில்லை, எடுத்துக்கொண்டார். பாலபாடம் என்னும் படிநிலை வாசகங்களும் 'சைவ வினாவிடை'யும் அவ்வாறு பிறந்தவை. கொல்லத்திலும் கொச்சியிலும் அச்சேறிய வடிவம், 270 ஆண்டுகளுக்குப் பின் சைவப் பிள்ளைகளின் கையில் திருநீற்றின் மகிமை பேசியது. 1864இல் அதே முறை சிதம்பரத்துக்கும் வந்தது. எதிராளியின் கருவியைப் பறித்தார் என்று இதனைப் புகழ்வது வழக்கம். நமக்கு முழு உடன்பாடு இல்லை. கருவியோடு அதன் பழக்கமும் சேர்ந்தே வந்தது. விடை தெரிந்தவர் மட்டுமே வினா எழுப்பும் பழக்கம் அது.

சென்னையில் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. ஆளுநர் டுவீட்டேல் பிரபு 1846இல் அரசுப் பள்ளிகளிலேயே விவிலியத்தைப் பாடநூலாக்க முனைந்தார். 'கிரசென்ட்' இதழை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியாரும் சென்னை இந்துக்களும் கடுமையாக எதிர்த்தனர். இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களும் மறுத்துவிட்டனர். 1854ஆம் ஆண்டு சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை நடுவழி ஒன்றைக் கண்டது. பிற பாடங்களைச் செவ்வனே கற்பிக்கும் பள்ளிக்கு அரசு மானியம் உண்டு. அங்கே சொல்லித்தரும் சமயப் பாடத்தை ஆய்வாளர் கண்டுகொள்ளமாட்டார். எண்ணையும் எழுத்தையும் சோதித்துப் பணம் தருபவர், வேதபாடத்தின்போது கண்ணை மூடிக்கொள்வார். கால அட்டவணையில் வேதபாடம் நாளின் ஓரத்துக்கு ஒதுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

கண்ணை மூடிக்கொண்ட அரசு பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்டது 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு. அதன் 28ஆம் உறுப்பு, முழுதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்றது. அரசின் ஏற்போ உதவியோ பெறும் பள்ளியில், பிள்ளையின் காப்பாளர் இசைவின்றி எவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது என்றது. 30ஆம் உறுப்போ சிறுபான்மையினர் தம் பள்ளிகளை நிறுவி நடத்தும் உரிமையை உறுதி செய்தது. எல்லாரிடமும் பெற்ற வரிப்பணத்தை ஒரு சமயத்தின் போதனைக்குச் செலவிடுவது முறையாகுமா என அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் வினவியிருந்தார். நம் பள்ளியின் அட்டவணையிலிருந்த சாய்கோடு இந்த இரு உறுப்புகளுக்கும் இடையே விழுந்த கோடுதான்.

கத்தோலிக்கத் தரப்பிலும் மாற்றம் நேர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இரு ஏடுகள், ஒன்று கிறிஸ்தவக் கல்வி பற்றியது, மற்றொன்று பிற சமயங்களுடன் உறவு பற்றியது, ஒரே நாளில், 1965 அக்டோபர் 28 அன்று வெளியாயின. ஞானோபதேசமும் சின்னக் குறிப்பிடமும் மறைக்கல்வி ஆனதும், நெட்டுருவின் இடத்தில் கதையும் படமும் வந்ததும் அதன்பின் நிகழ்ந்தவை. அதே காலத்தில் (1964–66) கோத்தாரிக் குழு, ஒரு சமயத்தைப் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று பிரித்துக் காட்டியது. இரண்டாவதை யார், எந்தப் பாடவேளையில் கற்பிப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. மரத்தடிக்கு ஆசிரியர் வராமற்போனது அதனால்தானோ!

*

எழுமலை வட்டாரத்துக்கு இன்னொரு பள்ளி மரபும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டனர். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இப்பகுதியில் பெருகியது அதற்குப் பின்னர்தான். அங்கே வேதபாடம் கிடையாது. சீர்திருத்தம் என்னும் பெயரே பாடமாக இருந்தது. உங்களுக்கு ஒழுக்கம் கற்பிக்க வந்தோம் என்ற சொல்லை இவ்வூர்ப் பெரியவர்கள் சந்தேகத்தோடு கேட்டதற்கு இத்தனை காரணம் இருக்கிறது. நம்மோடு மரத்தடியில் இருந்தவர்களில் பலர் அப்பெரியவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் வீட்டில் மறைக்கல்வியைப் பற்றி அச்சம் இருந்ததாக நினைவில்லை. 'நீதிபோதனை' என்றால்தான், "எங்க பிள்ளைக்கு என்ன நீதி குறைஞ்சு போச்சு?" என்றார் நம் தோழன் ஒருவனின் அப்பத்தா.

நீதிபோதனைக்கு ஆசிரியை வந்த சில நாட்களில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். ஆத்திசூடியும் குறளும் போக, எளிய விருத்தங்கள் சிலவும் உண்டு. அவை மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'நீதிநூ'லைச் சேர்ந்தவை என்பதும், அவர் கத்தோலிக்கர் என்பதும் முதுகலை பயிலும்போதுதான் நமக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு அப்பாட்டுகள் சொல்லித்தரப்படவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அழைக்கப்பட்டிருந்தோம். மரம் இல்லை; அவ்விடத்தில் சத்துணவுக் கூடம். அட்டவணை இப்போது கணினியில் அச்சிடப்படுகிறது, சாய்கோடு மட்டும் அப்படியே. ஐந்தாம் வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகள் நால்வரே என்றார் தலைமையாசிரியை. நால்வருக்காக மற்றவர்களை வெயிலில் அனுப்புவானேன் என்று, அந்த நால்வரையே சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்துக்கு அனுப்புகிறார்களாம். "உள்ள இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் என்ன நடத்துறதுன்னு தெரியல. நீங்க தமிழ்தானே சார், ஏதாவது புத்தகம் இருந்தா சொல்லுங்க" என்றார். ஊர் திரும்பியதும் நீதிநூல் இரண்டு படிகளைத் தபாலில் அனுப்பினோம், ஒன்று தாழ்வாரத்துக்கு என்று குறிப்பெழுதி.