போகிறவர் வீட்டுச் சாமான்: கொல்கத்தா ஏலக்கடைகளின் கதை

யார்ட் சேல், கராஜ் சேல் என்று அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வீட்டைக் காலி செய்கிறவர் சாமான்களை வாசலில் பரப்பி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். "அதெல்லாம் நம்ம நாட்டுல ஏதுங்க?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. நான் வேலை பார்க்கும் கொல்கத்தாவில் இந்த வியாபாரத்துக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். நாம் சொல்லும் 'ஏலம்', வங்காளிகள் சொல்லும் 'நிலாம்' இரண்டுமே போர்ச்சுகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தவை என்கிறார்கள். கப்பலில் வந்தவர்கள் சரக்கோடு சொல்லையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

18-ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் ஏலத்துக்கு இரண்டு வழியாகச் சாமான் வந்தது. ஒன்று, ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேரவே ஐந்தாறு மாதம் ஆகும். கட்டிலையும் பீரோவையும் கப்பலில் ஏற்றினால் கூலி கட்டுபடியாகாது. 1780-ல் வந்த ஹிக்கியின் பெங்கால் கெஜட், அதாவது இந்தியாவின் முதல் செய்தித்தாளிலேயே ஏல விளம்பரங்கள் உண்டு.

இன்னொரு வழி, சாவு. பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் 1767-ல் திறக்கப்பட்டது. அங்கே படுத்திருக்கும் சர் வில்லியம் ஜோன்ஸ் 1794-ல் இறந்தபோது வயசு 47. 1800-ல் இறந்த ரோஸ் எய்ல்மருக்கு வெறும் 20. காலராவும் காய்ச்சலும் அப்படி வாரிக்கொண்டு போன காலம். இறந்தவரின் சாமான்களைப் பட்டியல் போட்டு, ஏலம் விட்டு, கடனை அடைத்து, மிச்சத்தை வாரிசுக்கு அனுப்புவார்கள். யார் எதை என்ன விலைக்கு எடுத்தார் என்ற கணக்குகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. எங்கள் வங்கிகள் 2002-ம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி விடும் ஏலத்திலும் இதே முறைதான். கடனும் செலவும் போக மிஞ்சினால் அது உரியவருக்கே.

அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்க் ஸ்ட்ரீட்டிலேயே மேற்கே நடந்தால் ரஸ்ஸல் ஸ்ட்ரீட். 1940-ல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் என்ற ஏலக்கடை இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஏலத்துக்குப் பேர் போன இடம். 1947-ல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். 1953-ல் மேற்கு வங்கத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து பெரிய வீடுகளின் வருமானம் போனது. பாக்தாதி யூதர்கள் இஸ்ரேலுக்கும் லண்டனுக்கும், ஆங்கிலோ இந்தியர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். பியானோ, சரவிளக்கு, பர்மா தேக்கு அலமாரி, பீங்கான் செட் எல்லாம் ஏலக்கடைக்கு வந்தன. இந்த ஊரை விட்டு யார் யார் எப்போது போனார்கள் என்று தெரிய வேண்டுமா? ஏலக்கடைச் சரக்கைப் பார்த்தாலே போதும்.

சரி, மலிவாக வாங்குவது எப்படி? பழைய ஆட்கள் சொல்வது நாலே விஷயம். ஏலத்துக்கு முன்னாலேயே போய்ப் பொருளைப் புரட்டிப் பாருங்கள், ஏனென்றால் உள்ளது உள்ளபடிதான் விற்பனை. மரத்தை நகத்தால் கீறி, இழுப்பறையை வெளியே எடுத்து, கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்து ஆள் கூவுகிறார் என்று அதைத் தாண்டாதீர்கள். தூக்குக்கூலி, வண்டிக்கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? விற்பவருக்கு ஒரு தேதி நெருங்குகிறது, அவ்வளவுதான். கப்பல் தேதி, விசா தேதி, எங்கள் மாதிரி ஆட்களுக்கு டிரான்ஸ்ஃபர் தேதி. ஃப்ரிட்ஜும் கட்டிலும் கேட்ட விலைக்குப் போய்விடும். அதனால் ஏலக்கடையில் வியாபாரியோடு எவ்வளவு வேண்டுமானாலும் மல்லுக்கட்டுவேன். ஆனால் ஊரை விட்டுப் போகிற குடும்பமே நேரில் நின்று விற்கும்போது, அந்தக் கடைசி நூறு ரூபாய்க்கு மட்டும் பேரம் பேசுவதில்லை.