தீப்பெட்டிப் படங்கள்

என் வீட்டு அலமாரியில் காலிகோ அட்டை போட்ட பழைய பேரேடு ஒன்று இருக்கிறது. பருத்தி மண்டியில் கணக்கு எழுதிவந்த என் தகப்பனார், பாதி எழுதிய நிலையில் கழித்துப் போட்டதை எனக்குக் கொடுத்தார். வரவுக்கும் செலவுக்கும் கோடிட்ட அந்தப் பக்கங்களில் நான் ஒரு காசும் வரவு வைத்ததில்லை. தீப்பெட்டிப் படங்களைத்தான் ஒட்டி வைத்தேன். எண்ணூற்றுச் சொச்சம் படங்கள் அதில் உள்ளன. சில மாதங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் வந்து அந்தப் பேரேட்டை விலைக்குக் கேட்டார். படங்களைப் பெரிதாக்கித் தேநீர்க் கோப்பைகளிலும் பனியன்களிலும் குறிப்பேடுகளிலும் அச்சிட்டு விற்பது அவருடைய தொழிலாம். பழைய காலத்து ஆசைகளுக்கு இப்போது நல்ல சந்தை என்றார். அவர் சொன்ன தொகை என் ஓய்வூதியத்தில் இரண்டு மாதத்துக்குச் சமம். யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அந்த யோசனையில் எழுந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1960-களின் பிற்பகுதியில் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்துப் பையன்களைப் பிடித்திருந்த பித்து இது. கடைத்தெருவில் ஒருவர் பீடி பற்றவைக்கப் பெட்டியைத் திறந்தால், உள்ளே எத்தனை குச்சி மீதம் என்று எட்டிப் பார்ப்போம். ஒன்றோ இரண்டோ என்றால் அவர் பின்னாலேயே நடப்போம். காலிப் பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் படத்தை உரித்துச் சிலேட்டில் பரப்பி உலர்த்த வேண்டும். பிறகு மண்ணில் வட்டம் கீறி, படங்களை நடுவில் அடுக்கி, தொலைவிலிருந்து சில்லால் அடித்து வெளியே தள்ளும் ஆட்டம். வட்டத்தை விட்டு வெளியேறியது அடித்தவனுக்குச் சொந்தம். எங்களுக்குள் ஒரு நாணய மாற்று விகிதமே இருந்தது. உள்ளூர்ப் படத்துக்கு மதிப்பு ஒன்று. குடியாத்தத்துப் படத்துக்கு ஐந்து. விம்கோ கம்பெனியின் கப்பல் மார்க்குக்குப் பத்து. சிவகாசிப் படங்கள் சல்லிக்குக் கிடைத்ததால் அவற்றை மதிப்பாரில்லை. அவற்றைத் தேடித்தான் இன்று சென்னையிலிருந்து ஆள் வருகிறது.

தீக்குச்சி நம் நாட்டுச் சரக்கன்று. இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்து வணிகர் 1826-இல் உரசினால் பற்றும் குச்சியைக் கண்டார். அதில் ஆபத்து மிகுதி. தலையில் ஒரு மருந்தும், பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரமுமாகப் பிரித்து வைக்கும் முறைக்கு 1844-இல் சுவீடன் நாட்டுப் பாஷ் என்பவர் உரிமை பெற்றார். அதைப் பெருந்தொழிலாக்கியவர்கள் அந்நாட்டு லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள். சுவீடனிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் கப்பலேறி வந்த பெட்டிகளில், இந்தியரின் கண்ணைக் கவரும் பொருட்டு, ரவிவர்மாவின் தெய்வப் படங்களைச் சிறிதாக்கி ஒட்டினார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் ஐரோப்பாவில் அச்சேறி நம் அடுப்படிக்கு வந்தார்கள் என்றால் இன்று வேடிக்கையாக இருக்கிறது. 1914-இல் போர் மூண்டு ஐரோப்பியச் சரக்கு தடைப்பட்டபோது ஜப்பான் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1922-இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிகளின்மீது இறக்குமதி வரி உயர்ந்தது. அந்த ஆண்டிலேதான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தொழிலைக் கற்றார்கள். 1923-இல் திரும்பிவந்து தொடங்கினார்கள். முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். பின்னர் கைவேலையே இந்த மண்ணுக்கு ஏற்றது எனக் கண்டார்கள். மழை பொய்க்கும் கரிசல் காடு. வேலை தேடி அலையும் கைகளுக்குப் பஞ்சமில்லை. குச்சியும் மருந்தும் காய்வதற்கு ஆண்டில் பெரும்பகுதி வெயில். நம் வறுமையே மூலதனமாயிற்று என்று சொல்லலாம். நேரு இவ்வூரைக் ‘குட்டி ஜப்பான்’ என்று பாராட்டியதாகப் பெருமையோடு சொல்லுவார்கள். ஜப்பான் தீப்பெட்டியைத் துரத்திய ஊருக்கு அந்தப் பெயர் அமைந்தது!

தீப்பெட்டிக்குப் படம் வேண்டும். படத்துக்கு அச்சகம் வேண்டும். இப்படித்தான் கல்லச்சு இங்கே வேரூன்றியது. பவேரியாவில் செனிஃபெல்டர் 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ட முறை அது. வழவழப்பான சுண்ணக்கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து மை தடவினால், கோடுகளில் மட்டும் மை பற்றும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே வரைய வேண்டும். படமும் எழுத்தும் இடவல மாறாக இருக்க வேண்டும். நிழல் வேண்டுமானால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நிறம் மயிரிழை பிசகினால் கிளியின் சிவப்பு மூக்கு கிளியை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்த அக்காலத்தில் படமே சரக்கின் பெயர். “குதிரைப் பெட்டி குடுங்க”, “கிளிப் பெட்டி குடுங்க” என்றுதான் கேட்பார்கள். ஒரு மார்க் ஊரெல்லாம் விற்றுவிட்டால் மறுமாதமே அதன் சாயலில் வேறொன்று வந்துவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், குதிரை வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கம் பார்க்கும். எழுத்துப் பிழை கண்டால் சிவப்பு மை எடுக்கும் தொழிலில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவன் நான். ஆனாலும் அந்தக் களவுப் படங்களில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் (1898–1976) காலண்டர்ப் படங்களில் அவர் பெயர் இருந்தது. உலகம் அவரை அறிந்தது. தீப்பெட்டிப் படம் வரைந்தவர்கள் பெயர் வைத்ததில்லை. என் பேரேட்டில் உள்ள எண்ணூறில் ஒன்றிலும் ஓவியன் பெயர் கிடையாது.

அந்தப் பித்து எப்போது தணிந்தது என்று நாள் குறிக்க முடியாது. எரிவாயு அடுப்புக்குத் தனியே பற்றவைப்பான் வந்தது. சட்டைப் பையில் நெகிழி லைட்டர் வந்தது. 2007-இல் ஒரு ரூபாயாக உயர்ந்த தீப்பெட்டி விலை, 14 ஆண்டுகள் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயாயிற்று. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023-இல் தடைசெய்தது இந்த வட்டாரத்துக்குச் சற்று மூச்சுவிட இடம் கொடுத்தது. பெட்டி இரண்டு ரூபாய். பெட்டியின் படத்தைத் தாங்கிய கோப்பையோ பல நூறு ரூபாய். இந்தக் கணக்கை என் மாணவர்களுக்குக் கொடுத்திருந்தால், கேள்வியிலேயே பிழை என்று சொல்லியிருப்பார்கள்.

பழைய மோகங்களை மீட்டு வியாபாரம் செய்வதை நான் இகழவில்லை. விருதுநகரில் 1916-இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியையே பாருங்கள். 2017-இல் சல்லிக்கட்டுக் கிளர்ச்சிக்குப் பின் வணிகர் சங்கங்கள் அயல்நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தபோது, ஊரெல்லாம் பொவொண்டோவை நினைத்துக்கொண்டது.  அந்தக் கம்பெனி இடையில் தயாரிப்பைக் கைவிட்டுவிடவில்லை. ஆசை திரும்பி வரும்போது செய்யும் கை அங்கே இருக்க வேண்டும். கல்லச்சில் புள்ளி வைக்கும் கையை இன்று எங்கே போய்த் தேடுவது?

மீட்கக் கூடாதவையும் உண்டு. அந்த இளைஞர் பாம்பு மாத்திரையையும் பழைய டப்பாவில் போட்டு விற்கலாமா என்று கேட்டார். கரிய பாம்பு நெளிந்து எழுவதைக் கண்டு கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆயினும் புனேயிலுள்ள மார்பு நோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் சில பட்டாசு வகைகளைச் சோதித்தபோது, நுண்துகள் மிகுதியாகக் கக்கியது ஓசையே இல்லாத இந்த மாத்திரைதான் எனக் கண்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்றேன்.

ஜப்பானின் வழி வேறு. நமக்குத் தீப்பெட்டி அனுப்பிய ஹியோகோ வட்டாரத்தில், ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அவாஜித் தீவின் ஊதுபத்திக்காரர்களோடு சேர்ந்து, தீக்குச்சிபோல் உரசிப் பற்றவைத்தால் பத்து நிமிடம் மணக்கும் ஊதுகுச்சியை 2015-இல் கொண்டுவந்தது. பழைய கைத்திறனைப் புதுப் பொருளில் ஏற்றிய காரியம் அது, நம்மவர் கவனிக்கத்தக்கது. சுவீடனில் ஐனார் நேர்மன் 1936-இல் வரைந்த சூரியக் குழந்தைப் படத்தோடு ஒரு தீப்பெட்டி வந்தது. அதன் விற்பனையில் ஒரு சிறு பங்கு நோயுற்ற குழந்தைகளுக்கும் முதியோருக்கும் சேரும்படி செய்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1983-இல் சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் நான் இளம் ஆசிரியன். நான்காம் வகுப்பில் ஒரு பெண், மனக்கணக்கில் கெட்டிக்காரி, பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவில்லை. தேடிப் போனேன். விடியுமுன் வண்டி வந்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்களே வேகம். வீட்டில் தம்பிகள் இரண்டு பேர், தாய்க்கு இருமல். நான் பேசியது எடுபடவில்லை. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைத் தேடி வருவாள். எனக்குப் படம் சேர்க்கும் பழக்கம் உண்டு என்பது வகுப்புக்கே தெரியும். கைக்குள் மடித்து இரண்டு மூன்று படங்கள் கொண்டுவந்து தருவாள். முதல்முறை, பள்ளிக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்டேன். மூன்றாம் முறை படத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986-இல் வந்தது. 1988-இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கிச் சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் வருகைப் பதிவேடு நிறைந்ததைக் கண்ணாரக் கண்டேன். அதெல்லாம் அவளுக்குப் பயன்படாத காலத்தில் வந்தது.

சென்னை இளைஞர் பேரேட்டைப் புரட்டியபோது நாற்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு பார்த்தார். எல்லாம் நிறம் பிசகிய படங்கள். பிழைப் படங்களுக்குத்தான் சேகரிப்போரிடம் மதிப்பு அதிகம் என்றார். அந்தப் பக்கம் முழுவதும் அவள் கொடுத்தது.

சட்டத்தைக் கேட்டுப் பார்த்தேன். பெயர் தெரியாதவர் வரைந்த ஓவியத்துக்கு, வெளியான ஆண்டு கழிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. 1960-இல் வெளிவந்த படத்தின் உரிமை 2020-உடன் தீர்ந்தது. அவள் கொடுத்தவற்றுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் உரிமை கொண்டாட ஆளில்லை. வணிகக் குறியையோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூடிப்போன பட்டறைக்காக யார் புதுப்பிப்பார்கள்? வரைந்தவனுக்கு உரிமையில்லை, ஒட்டியவளுக்கு என்றுமே இல்லை, பேரேடு மட்டும் எனக்குச் சொந்தம்.

ஆகவே பேருந்து ஏறிப் போனேன். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயதிருக்கும். திண்ணையில் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். கிளியின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

“இது கழிவுப் படம்லா, சார். ஒட்டுனா கூலியில பிடிச்சிருவாக. கிழிச்சுப் போட மனசு வரல. உங்களுக்குப் பிடிக்கும்னு கொண்டாந்தேன்.”

பிறகு, “இதுக்கு என்ன வெல குடுக்காக?” என்று கேட்டாள். சொன்னேன். பேத்தியின் சடையைப் பிடித்த கை அப்படியே நின்றது. மனக்கணக்கில் அவள் இன்னும் கெட்டிக்காரிதான். படத்துக்கு எவ்வளவு, பக்கத்துக்கு எவ்வளவு என்று நான் மூச்சுவிடுமுன் சொல்லிவிட்டாள்.

ஊர் திரும்பியதும் இளைஞருக்குக் கடிதம் எழுதினேன். பேரேடு விற்பனைக்கு இல்லை, படங்களை நகலெடுத்துக்கொள்ளலாம், நாற்பத்தோராம் பக்கத்துப் படம் எதை அச்சிட்டாலும் விற்பனையில் ஒரு பங்கு அவளுக்கு எழுத்து மூலமாகச் சேர வேண்டும், மற்றப் பக்கங்களின் பங்கு பெட்டி ஒட்டிய பெண்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தேன். நாற்பத்தோராம் பக்கத்துக்கு மட்டும் சம்மதம் என்று பதில் வந்திருக்கிறது. மற்றப் பக்கங்களைப் பற்றி இன்னும் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.