வாவிக்கரையில் நிறைவர்க்கம்: தாய்மொழிவழிக் கணிதக் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

அட்சரகணிதம் தமிழுக்குப் புதியதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை 1855ஆம் ஆண்டிலேயே ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆயினும், நூல் தோன்றுவது ஒன்று. அஃது உழவர் வீட்டுப் பிள்ளையின் கைக்கு எட்டுவது வேறொன்று. மட்டக்களப்பில் 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிய மெதடிஸ்த பாடசாலையும், 1873இல் எழுந்த புனித மிக்கேல் கல்லூரியும் நகரிலேயே அமைந்தன. உயர்கணிதம் ஆங்கிலத்தின் வழியே கற்பிக்கப்பட்டமையால், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சிற்றூர்களுக்கு அது நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

இத்தடையை நன்குணர்ந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் (1892-1947). புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற அவர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1936இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

கலைச்சொல்லின் பயனை ‘நிறைவர்க்கம்’ என்னும் சொல்லைக் கொண்டே விளக்கலாம். பக்கம் ‘க’ உடைய சதுர வயலை, அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 3 அலகு அகலப்படுத்துவதாகக் கொள்வோம். பழைய வயல் க². புதிய கீற்றுகள் இரண்டும் சேர்ந்து 6க. மூலையில் மட்டும் ஒரு வெற்றிடம் எஞ்சும். அதன் பரப்பு 9. அதனை நிரப்பியவுடன் வயல் மீண்டும் சதுரமாகின்றது:

க² + 6க + 9 = (க + 3)²

நிறைதல் என்பதன் பொருள் இதுவே. மூவுறுப்புக் கோவையொன்றின் முதலும் ஈறும் வர்க்கங்களாக இருந்தால் மட்டும் போதாது. நடு உறுப்பு அவற்றின் மூலங்களது பெருக்கத்தின் இருமடங்காகவும் இருத்தல் வேண்டும். க² + 10க + 16 என்பதில் முனைகள் வர்க்கங்களே; ஆனால் நடுவில் 8க இல்லாமையால் அது நிறைவர்க்கமன்று; (க + 2)(க + 8) எனவே பிரியும்.

1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணத் தடையை அகற்றியது. தாய்மொழிவழிக் கல்வி மொழித் தடையை அகற்றியது. எனினும், சூத்திரத்தை மனனஞ் செய்வித்துச் சொல்லின் பொருளை மறைக்கும் வகுப்பறையில், தமிழும் மற்றோர் அந்நிய மொழியாகவே நின்றுவிடும். வரப்பை அறிந்த பிள்ளைக்கு வர்க்கத்தை விளக்குவது அரிதன்று. அதனைச் செய்யும்போதே முன்னோரின் சொல்லாக்க உழைப்பு நிறைவுறும்.