ஒளியைக் கணக்கிட்ட இளைஞர்



புளியிட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் ஒன்றையும், அதன் அருகே ஒரு மண்பானையையும் காலை வெயிலில் வைத்துப் பாருங்கள். இரண்டும் உருண்டை, இரண்டின்மேலும் படுவது ஒரே கதிரவனின் ஒளி. ஆயினும் குடத்தின் தோளில் மட்டும் கண் கூசும் வெண்புள்ளி ஒன்று சுடர்விடுகிறது. நாம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. மண்பானையிலோ ஒளி மெல்ல மெல்ல மங்கி நிழலாகிறது. அந்தப் புள்ளி இல்லை. கண் இதனை ஒரு நொடியில் உணர்ந்து, இது உலோகம், இது மண் என்று தெளிந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை எண்களால் எழுதிக் கணிப்பொறிக்குக் கற்பிக்க இயலுமா? இயலும் என்று காட்டியவர் வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங். 32 வயதிலேயே மறைந்த அவ்வறிஞரின் வாழ்வையும் ஆய்வையும் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

ஃபோங் 1942ஆம் ஆண்டு ஹனோய் நகரில் பிறந்தார். 1954இல் ஜெனீவா உடன்படிக்கையால் அந்நாடு வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தபோது, அவர் குடும்பம் தெற்கே சைகோன் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1964இல் அவர் கல்வி தேடிப் பிரான்சு நாடு சென்றார். கிரெனோபிள் நகரில் அறிவியல் பயின்று, 1968இல் தூலூஸ் நகரில் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிரெஞ்சு அரசின் கணிப்பொறி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். 1971இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தை அடைந்தார். போரும் பிரிவினையும் ஊர்விட்டு ஊர் துரத்திய காலத்திலும் அவருடைய படிப்பு அறுபடவில்லை.

யூட்டா அப்போது கணிப்பொறிச் சித்திரக் கலைக்கு ஒரு குருகுலமாக விளங்கியது. துறையை உருவாக்கியவர் டேவிட் எவன்சு. கணிப்பொறித் திரையில் எழுதுகோல் கொண்டு வரையும் முறையை 1963இலேயே செய்துகாட்டிய ஐவன் சதர்லாண்டும் 1968இல் அங்கு வந்து சேர்ந்திருந்தார். 1972இல் சதர்லாண்டின் மாணவர்கள் அவருடைய மனைவியின் வோல்க்ஸ்வேகன் காரின்மேல் கோடுகள் வரைந்து, அளவுகோலால் புள்ளி புள்ளியாக அளந்து, அதன் வடிவத்தைக் கணிப்பொறிக்குள் ஏற்றினார்கள். அம்மாணவர்களுள் ஃபோங்கும் ஒருவர்.

அக்காலத்தில் வளைந்த பொருளைக் கணிப்பொறி வளைவாகவே வைத்துக்கொள்வதில்லை. சிறு சிறு தட்டையான பலகோணங்களை ஒட்டவைத்தாற்போல் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பலகோணத்துக்கும் ஒரே நிறம் தீட்டினால், உருண்டைப் பந்து பட்டை தீட்டிய கல்போல் தெரியும். 1971இல் யூட்டாவில் ஆய்வை முடித்த பிரெஞ்சு மாணவர் ஆன்றி கூரோ இதற்கு ஒரு வழி கண்டார். பலகோணத்தின் மூலைகளில் மட்டும் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, இடைப்பட்ட இடங்களில் அதைச் சீராகப் பரப்பினார். பட்டைகள் பெரும்பாலும் மறைந்தன. ஆனால் நாம் குடத்தில் கண்ட வெண்புள்ளி பலகோணத்தின் நடுவே விழுமானால், மூலைகளில் மட்டும் கணக்கிடும் முறைக்கு அது அகப்படாது.

ஃபோங் இங்கே ஒரு சிறு மாற்றம் செய்தார். ஒளியின் அளவைப் பரப்புவதற்கு மாறாக, பரப்பு எத்திசை நோக்கி நிற்கிறது என்பதைக் காட்டும் செங்குத்துக் கோட்டையே அவர் மூலைக்கு மூலை பரப்பினார். பின்பு ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைத் தனியே கணக்கிட்டார். பலகோணம் தட்டையாகவே இருந்தபோதும், அது வளைந்திருப்பதாகவே கணக்கு நடந்தது.

அக்கணக்கில் மூன்று பகுதிகள் உண்டு. எங்கும் பரவியுள்ள பொது வெளிச்சம் முதலாவது. மண்பானையில் கண்ட சிதறொளி இரண்டாவது. ஒளி வரும் திசைக்கும் செங்குத்துக் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனைப் பொறுத்து அது அமையும். இது 1760இல் லாம்பெர்ட் என்னும் அறிஞர் வெளியிட்ட விதி. பித்தளையில் கண்ட மின்னொளி மூன்றாவது. ஒளி தெறித்துச் செல்லும் திசைக்கும் பார்ப்பவர் கண்ணின் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனை எடுத்து, அதை ஓர் அடுக்குக்கு உயர்த்தினார் ஃபோங். கோசைன் 0.9 என்று கொள்ளுங்கள். அதன் பத்தாம் அடுக்கு ஏறத்தாழ 0.35, ஐம்பதாம் அடுக்கோ வெறும் 0.005. அடுக்கு ஏற ஏற, வெண்புள்ளி குறுகிக் கூர்மையாகிறது. பொருள் மேலும் மெருகேறியதாகத் தோன்றுகிறது. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் மங்கிய பரப்பு பளபளப்பாகிவிடும்!

"ஐயா, திரிகோணமிதியால் வாழ்க்கையில் என்ன பயன்?" என்று வகுப்புதோறும் மாணவர் கேட்பதுண்டு. பாலத்தையும் மலையுயரத்தையும் காட்டி நான் விடை சொல்லி வந்தேன். இன்று கேட்டால் ஃபோங்கின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

1973இல் அவர் தம் ஆய்வேட்டை முடித்து டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். ஆய்வின் சாரம் 1975 ஜூன் மாதம் அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கத்தின் இதழில் ஏழே பக்கங்களில் வெளிவந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஏப்ரல் 30ஆம் நாள், அவர் வளர்ந்த சைகோன் வீழ்ந்து வியட்நாம் போர் முடிவுற்றது. கட்டுரை வெளிவந்த மறுமாதமே, ஜூலையில், நோய் அவரைக் கொண்டுபோயிற்று.

அக்கட்டுரையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது ஆசிரியரின் அடக்கம். உண்மைப் பொருளை அப்படியே காட்டிவிடலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஓரளவு மெய்போல் தோன்றும் அளவுக்கு அதை நெருங்குவதே தம் நோக்கம் என்றே எழுதினார். அவர் சொன்னபடியே பின்வந்தோர் குறை கண்டார்கள். இயற்பியல் விதியிலிருந்து பிறவாமல், கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து அமைத்த சூத்திரம் அது. 1977இல் ஜேம்சு பிளின் அதைத் திருத்தியமைத்தார். 1986இல் ஜேம்சு கஜியா, ஒளி பல பரப்புகளில் பட்டுப் பட்டுத் திரும்புவதையெல்லாம் அடக்கிய பொதுச் சமன்பாட்டைத் தந்தார். ஆயினும் 1992இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஓப்பன்ஜிஎல் என்னும் வரைகலை முறை, பிளின் திருத்திய ஃபோங்கின் ஒளிக்கணக்கையே கைக்கொண்டது. இன்றும் இத்துறையைக் கற்கத் தொடங்குபவர் எழுதிப் பழகும் முதற் கணக்குகளுள் அது ஒன்று. தன் எல்லையைத் தானே சொல்லும் ஆய்வு, பின்வருவோர்க்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது.

அவர் பெயரைப் பற்றியும் ஒரு சொல். வியட்நாமியர் குடும்பப் பெயரை முதலிலும் தம் சொந்தப் பெயரை இறுதியிலும் வைப்பர். மேனாட்டாரோ இறுதிச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொள்பவர். அதனால் மேற்கோள் பட்டியல்களில் அவர் ஓரிடத்தில் புய் என்றும், மற்றோரிடத்தில் ஃபோங் என்றும் வரிசைப்படுத்தப்பட்டார். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாக முன்னே கொண்ட தமிழர், வெளிநாட்டில் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் விந்தையை நாம் அறிவோமல்லவா? ஆனால் இங்கே தடுமாற்றமும் ஒரு நன்மை செய்தது. அவருடைய முறைக்கு உலகம் இட்ட பெயரில் நிற்பது ஃபோங் என்பதே; அவர் ஊரார் அவரை அழைத்திருக்கக்கூடிய சொந்தப் பெயரும் அதுவே.

ஓர் அறிஞர் எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்று எண்ணிப் பார்த்து அவர் பெருமையை அளக்கும் வழக்கம் இன்று மிகுந்துவருகிறது. அந்த அளவுகோலால் அளந்தால் ஃபோங் மிகச் சிறியவராகவே தோன்றுவார். ஓர் ஆய்வேடு, அதைச் சுருக்கிய ஒரு கட்டுரை, பிராங்க் குரோ என்பவருடன் சேர்ந்து எழுதிய மற்றொன்று: நமக்குத் தெரிந்தவரை அவர் விட்டுச்சென்றவை இவையே எனலாம். ஆனால் எல்லோரும் நாள்தோறும் கண்டும் காணாமல் விட்ட ஒரு வெண்புள்ளியை அவர் உற்று நோக்கினார். பள்ளியில் கற்ற கணக்கைக் கொண்டே அதற்கு விடை கண்டார். கண்ட விடையின் குறையையும் மறைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கும் ஆண்டுகள் எத்தனை என்பது உங்கள் கையில் இல்லை. உற்று நோக்குவதும் உள்ளதை உள்ளபடி எழுதுவதும் உங்கள் கையில் இருக்கின்றன. அவ்விரண்டையும் இன்றே பழகத் தொடங்குங்கள்.